மாற்றுச் சிறுநீரகம் பெற்ற தொழிலாளியைக் காப்போம்

(தஞ்சை வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, வேலை நாள், ரேஷன் அரிசி, மனைப் பட்டா என்று பேசுவதற்கே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது டாக்டர் பேச வேண்டிய விஷயமாயிற்றே, சங்கக் கூட்டத்தில் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாம் டாக்டர் அல்ல. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் நாம் செய்த ஒரு தவறு, இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கவும், தெரிந்த டாக்டர்களிடம் உட்கார்ந்து கேட்கவும் நம்மைக் கட்டாயப்படுத்தியது. முதலில் அந்தத் தவறைச் சொல்லிவிடுகிறோம். சுயவிமர்சனம் மேடையில் பேசுவதற்கு மட்டும் உள்ள வார்த்தை அல்ல.

ஒரு தாயின் கேள்வி

நம் வட்டாரத்து விவசாயத் தொழிலாளி ஒருவரின் மகன். திருப்பூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்த்தவர். முப்பது வயதுகூட ஆகவில்லை. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. சோதித்துப் பார்த்ததில் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன என்றார்கள். ஓராண்டுக்கு மேல் டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஆலை வேலை போயிற்று. நடவுக்கும் களைக்கும் போகும் அவருடைய தாய், தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தார். ஆபரேஷன் வெற்றி. ஊருக்குத் திரும்பியதும் நாம் எல்லோரும் போய்ப் பார்த்தோம். முகம் தெளிந்திருந்தது. "அடுத்த வருஷம் ஆலைக்குப் போயிடுவேன் தோழர்" என்றார்.

ஐந்தாம் மாதம், ஐப்பசி அடைமழை. சாயங்காலமானால் லேசான காய்ச்சல். பசி இல்லை. இருமல்கூடப் பெரிதாக இல்லை. நாம் போய்ப் பார்த்தோம். "ஊரெல்லாம் மழைக் காய்ச்சல்தானே அம்மா, கஷாயம் வைத்துக் கொடுங்கள், இரண்டு நாளில் விட்டுவிடும்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அப்புறம் ஒரு ஊசி, கடையில் வாங்கிய மாத்திரை என்று பதினெட்டு நாள் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றும்போது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. காசநோய், நுரையீரலைக் கடந்து மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வரை போய்விட்டது. காப்பாற்ற முடியவில்லை.

காரியம் முடிந்த அன்று அந்தத் தாய் நம்மிடம் கேட்டார்: "கிட்னி நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு கடைசி வரைக்கும் டாக்டர் சொன்னாரே தம்பி. அப்புறம் எப்படிப் பிள்ளை போனான்?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் அன்று பதில் இல்லை. இன்று இருக்கிறது. அந்தப் பதில்தான் இந்தப் பேச்சு.

நடவும் காவலும்

நாற்றங்காலில் பறித்த நாற்றை வேறு வயலில் கொண்டுபோய் நடுவது நம் தாய்மார்களுக்குக் கைவந்த வேலை. நட்ட நாற்று சில நாள் துவண்டு கிடக்கும். பிறகு வேர் பிடித்து நிமிரும். எந்த வயலும் "இது அயலூர் நாற்று" என்று அதைப் பிடுங்கி எறிவதில்லை. மனித உடம்பு அப்படி அல்ல. தனக்குச் சொந்தமானது எது, அந்நியமானது எது என்று பிரித்துப் பார்க்கும் காவற்படை ஒன்று நம் ரத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெள்ளை அணுக்கள் என்று அதைச் சொல்கிறார்கள். பெற்ற தாயின் சிறுநீரகமாக இருந்தாலும், அந்தப் படைக்கு அது அந்நியம்தான். விட்டால் தாக்கி அழித்துவிடும்.

1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் முதன்முதலாகச் சிறுநீரக மாற்றில் வெற்றி கண்டார்கள். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சான இரட்டையர். ஆகவே உடம்பு அதை அந்நியமென்று எண்ணவில்லை. மற்றவர்களுக்கு என்ன வழி? காவற்படையின் வேகத்தைக் குறைக்கும் மருந்து வேண்டும். அறுபதுகளில் அத்தகைய மாத்திரைகள் வந்தன. 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நடந்த மாற்று ஆபரேஷன் வெற்றி பெற்றது. எண்பதுகளில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து பரவலாக வந்த பிறகு, மாற்றிய சிறுநீரகம் நிலைப்பது வெகுவாக அதிகரித்தது. இன்று பெரும்பாலோர் சாப்பிடுவது டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மூன்று மாத்திரைகள்.

மண்ணை நம்பி வாழும் நமக்கு ஒரு செய்தி. சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சணத்திலிருந்து வந்தது. டாக்ரோலிமஸ், ஜப்பான் நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984இல் கண்டெடுக்கப்பட்டது. மருந்தும் மண்ணிலிருந்துதான் வந்தது. இனிச் சொல்லப்போகும் கிருமிகளில் சிலவும் மண்ணிலேதான் இருக்கின்றன.

அந்த மாத்திரைகள் செய்யும் வேலை என்ன? கதிர் முற்றிய வயலில் இரவுக் காவல் போடுகிறோம். காவற்காரர் நம் வீட்டு விருந்தாளியையே அடித்து விரட்டுகிறார் என்றால், "கொஞ்சம் ஒதுங்கி நில்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ஒதுங்கி நின்றால் விருந்தாளி பிழைப்பார். ஆனால் அந்த நேரம் பார்த்து எலியும் பன்றியும் வயலில் இறங்கும். இதுதான் முழு விஷயமும். சிறுநீரகத்தைக் காக்கும் அதே மாத்திரை, கிருமிக்கு வரப்பைத் திறந்துவிடுகிறது. நல்ல உடம்பில் தலைதூக்க முடியாமல் ஒடுங்கிக் கிடக்கும் கிருமிகள், சமயம் பார்த்துத் தாக்குகின்றன. இவற்றைச் சந்தர்ப்பவாதத் தொற்று என்று டாக்டர்கள் அழைக்கிறார்கள். அரசியலில் சந்தர்ப்பவாதிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

எந்தக் கிருமி, எப்போது?

முதல் மாதத்தில் வருபவை பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் புண்ணிலும் மூத்திரக் குழாயிலும் பற்றுபவை. அப்போது நோயாளி டாக்டரின் கண்ணெதிரே இருக்கிறார்.

இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை உள்ள காலம்தான் பெரிய ஆபத்து. மாத்திரையின் அளவு அதிகமாக இருக்கும். நோயாளியோ வீட்டுக்கு வந்திருப்பார். சைட்டோமெகலோ என்ற வைரஸ் பெரும்பாலோர் உடம்பில் சிறு வயது முதல் தூங்கிக் கிடப்பது. அது இப்போது விழித்துக் காய்ச்சல், பேதி, கண் பாதிப்பு வரை கொண்டுபோகும். நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சணம் நுரையீரலைப் பிடித்து மூச்சை இறுக்கும். பிகே என்ற வைரஸ் மாற்றிய சிறுநீரகத்தையே அரிக்கும். இவற்றில் சிலவற்றைத் தடுக்க முன்கூட்டியே மாத்திரை தருகிறார்கள். "ஜுரமே இல்லையே, இந்த மாத்திரை எதற்கு?" என்று அதை நிறுத்துவது, மழை வராத நாளில் கரையை வெட்டி விடுவதற்குச் சமம்.

ஆறு மாதம் தாண்டினால் ஆபத்து குறையும், தீர்ந்துவிடாது. மாத்திரை இருக்கும் வரை இதுவும் இருக்கும்.

எல்லாவற்றிலும் நம் நாட்டுக்கு முக்கியமானது காசநோய். வேலூர் டாக்டர்கள், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 13 பேருக்குக் காசநோய் வந்ததாகக் கண்டார்கள். மேல்நாடுகளில் இது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் அளவில்தான். மாத்திரை இங்கும் அங்கும் ஒன்றுதான். பின் ஏன் இந்த வித்தியாசம்? நம் நாட்டில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் காசநோய்க் கிருமி உடம்பில் ஒடுங்கிக் கிடக்கிறது. ஒரே அறை வீட்டில் ஆறு பேர் படுத்தால், இருமுகிறவரின் மூச்சுதான் எல்லோருக்கும் மூச்சு. கிருமிக்குச் சாதி, வர்க்கம் தெரியாது என்பார்கள். கிருமிக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டின் அளவுக்குத் தெரிகிறது.

நம் இளைஞரின் வீட்டில் என்ன நடந்தது? அவர் படுத்த அதே கூரையின் கீழ் அவருடைய பெரியப்பா மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தார். "புகையிலை இருமல்" என்று எல்லோரும் சொன்னோம். பிறகு சோதித்தபோது அவருக்கும் காசநோய். மாற்று ஆபரேஷன் முடிந்து ஒருவர் வீடு திரும்புவதற்கு முன்னால் வீட்டில் உள்ள அத்தனை பேரின் சளியையும் மார்பையும் சோதித்திருக்க வேண்டும். அதற்காகப் பத்து நாள் தாமதித்தாலும் நஷ்டமில்லை.

நம் மண்ணிலும் நீரிலும் இருப்பவை

டெல்டாவில் வாழ்கிறவர்கள் இன்னும் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேற்று மண்ணில் வாழும் ஒரு கிருமியால் வருவது மெலியோய்டோசிஸ் என்ற நோய். காலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு வழியாகப் புகும். மழைக் காலத்தில் மூச்சோடும் புகும். ரங்கூன் நகரத்து ஏழை மக்களிடையே இதைக் கண்டு, 1912இல் முதன்முதலாக விவரித்து எழுதியவர்கள் விட்மோர் என்ற வெள்ளைக்கார டாக்டரும் அவரோடு வேலை செய்த கிருஷ்ணசாமி என்ற டாக்டரும். இது வந்தால் பார்ப்பதற்குக் காசநோய் போலவே இருக்கும். ஆனால் காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாது. சர்க்கரை நோய் உள்ளவர்களையும், மாற்று மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் இது கடுமையாகத் தாக்கும்.

வெறுங்காலின் தோல் வழியாகப் புகும் ஒரு சிறு புழு உண்டு. குடலில் பல வருஷம் சத்தமில்லாமல் குடியிருக்கும். பிரெட்னிசோலோன் உள்ளே போனதும் பல்கிப் பெருகி உடம்பு முழுவதும் பரவி உயிரையே வாங்கிவிடும். ஆபரேஷனுக்கு முன்னால் சோதித்து மருந்து கொடுத்தால் தீர்ந்தது.

நனைந்து மக்கிய வைக்கோலைப் பிரித்துப் போடும்போது கிளம்பும் தூசியில் பூஞ்சண வித்துக்கள் இருக்கின்றன. நமக்குத் தும்மலோடு போய்விடும். அவருக்கு அது நுரையீரலில் முளைக்கும். எலியின் மூத்திரம் கலந்த வயல் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. இது நம் எல்லோருக்குமே ஆபத்து, அவருக்கு இரட்டிப்பு.

ஆகவே மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் நடவுச் சேற்றிலும், களத்து மேட்டிலும், வைக்கோல் போரிலும் இறங்கக் கூடாது. ஆலையில் பஞ்சுத் தூசி பறக்கும் பகுதியிலும் நிற்கக் கூடாது. சொல்வது எளிது. சேற்றில் இறங்காவிட்டால் சோறு எங்கிருந்து வரும்? அதற்குப் பிறகு வருகிறோம்.

மருந்தோடு மருந்து மோதும் இடம்

காசநோய் வந்தால் மருந்து இல்லையா? இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். காசநோய்க்கு முக்கியமான ரிஃபாம்பிசின் என்ற மருந்து, டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். காசம் குணமாகும்போதே, மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தாக்கத் தொடங்கும். எனவே ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி அளந்து, டாக்டர்கள் கூட்டிக் குறைக்க வேண்டும். அல்லது வேறு மருந்து தர வேண்டும். மாற்று ஆபரேஷன் செய்த டாக்டருக்குத் தெரியாமல் காசநோய் மாத்திரை தொடங்கக் கூடாது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கடையில் கேட்டு வாங்கும் சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளும், படைக்குத் தரும் சில பூஞ்சண மாத்திரைகளும் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும். உடம்பு வலிக்கென்று நாம் விழுங்கும் வலி மாத்திரைகள் பல, சிறுநீரகத்தையே கெடுக்கும். நாட்டு மருந்து, லேகியம், பம்பளிமாசுப் பழம் இவையும் ஆகாது. அன்று அந்த இளைஞருக்குக் கஷாயம் கொடுக்கச் சொன்னோமே, அதுவும் தவறுதான்.

வீட்டார் செய்ய வேண்டியது

தோழர்களே, ஐந்தே விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் அன்றைக்கே மாற்று ஆஸ்பத்திரியோடு பேச வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. பிரெட்னிசோலோன் காய்ச்சலை மறைக்கும் என்பதால், லேசான காய்ச்சலோடு பசியின்மை, எடை குறைவு, இரவு வியர்வை, மூச்சுத் திணறல், தலைவலி, மூத்திரம் குறைவது இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கிளம்பிவிட வேண்டும். மற்றவருக்குக் காய்ச்சல் உரக்கப் பேசும், இவருக்கு முணுமுணுக்கும்.

இரண்டு: மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. தொற்று வந்தால் எந்த மாத்திரையைக் குறைப்பது என்பதை டாக்டர் சொல்வார். தீர்ந்துபோவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அடுத்ததை வாங்கி வைக்க வேண்டும்.

மூன்று: காய்ச்சி ஆறிய நீர், சூடான சோறு, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், காலுக்குச் செருப்பு. இருமுகிறவர் தனியே படுக்க வேண்டும். கூட்டத்துக்குள் போனால் இவர் முகக்கவசம் அணிய வேண்டும்.

நான்கு: எந்த டாக்டரிடம் போனாலும், "மாற்றுச் சிறுநீரகம்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

ஐந்து: தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்தவை இவருக்கு ஆகாது. ஃப்ளூ, நிமோனியா போன்ற மற்றவற்றை டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

விலைக்கு வாங்கிய சிறுநீரகம்

இன்னொரு பக்கமும் உண்டு. கடனில் மூழ்கிய ஏழையிடம் சிறுநீரகத்தை விலை பேசும் தரகர்கள் இருக்கிறார்கள். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு பேசி 2002இல் வெளியான ஆய்வில், 96 சதம் பேர் கடனை அடைக்கவே விற்றதாகச் சொன்னார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரும்பாலோர் கடனும் அடையவில்லை. வாங்கியவருக்காவது நன்மையா? பம்பாயில் சிறுநீரகம் விலைக்கு வாங்கிப் பொருத்திக்கொண்டு வளைகுடா நாடுகளுக்குத் திரும்பியவர்களைப் பற்றி 1990இல் ஒரு மருத்துவ ஏடு எழுதியது. கடுமையான தொற்றுக்களும், சிலருக்கு எய்ட்ஸ் கிருமியும், ஏராளமான மரணங்களும் அதில் கண்டன. அவசர வியாபாரத்தில் சோதனை எங்கே நடக்கும்? 1994இல் வந்த சட்டம் இந்த விற்பனையைக் குற்றமென்கிறது. ஆனாலும் 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் வலைபோட்டுப் பிடித்த செய்தியைப் பத்திரிகைகளில் படித்தோம். கடன் தீராத வரை தரகரும் தீர மாட்டார்.

சங்கத்தின் வேலை

சேற்றில் இறங்காவிட்டால் சோறு எங்கே என்ற கேள்விக்கு வருகிறோம். மாற்று ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். இவை மக்கள் போராடியும் வாக்களித்தும் பெற்றவை; வரவேற்கிறோம். ஆனால் ஆபரேஷன் ஒரு நாள் வேலை. மாத்திரையும் சோதனையும் வாழ்நாள் வேலை. ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த இ.எஸ்.ஐ. இருக்கிறது. விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் உலகத்துக்கு ஒன்றை நிரூபித்தது. குடிசையில் இருந்தபடியே ஏழை நோயாளியும் குணமாவார். ஒழுங்காக மருந்து கிடைக்க வேண்டும், ஒழுங்காக வந்து பார்க்கவும் ஆள் வேண்டும். அன்று காசநோய்க்கு முடிந்தது, இன்று மாற்றுச் சிறுநீரகத்துக்கும் முடியும்.

ஆகவே நாம் கேட்பவை இவை: மாத்திரை, ஒரு நாளும் தடையின்றி, மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே கிடைக்க வேண்டும். ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் சோதனைக்குத் தொலைதூர நகரத்துக்கு அலைய விடக் கூடாது. வீடு திரும்பும் முன் குடும்பம் முழுவதற்கும் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும். ஆலைத் தொழிலாளிக்குத் தூசியில்லாத இலகுவான வேலை தர வேண்டும். வேலை நீக்கம் கூடாது. விவசாயத் தொழிலாளிக்கும், சிறுநீரகம் கொடுத்தவருக்கும் வேலை செய்ய முடியாத மாதங்களுக்கு உதவித்தொகை வேண்டும்.

அரசு கொடுக்கட்டும் என்று நாம் கைகட்டி நிற்கவும் கூடாது. ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் யார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவர் சம்மதித்தால் வாரம் ஒரு முறை ஒரு தோழர் போய்ப் பார்த்து வர வேண்டும். நள்ளிரவில் கூப்பிட்டாலும் வரக்கூடிய ஒரு வண்டியைப் பேசி வைக்க வேண்டும். சங்க அலுவலகத்தில் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். அன்று அந்த வீட்டுக்கு நாம் போனபோது நம் பையில் துண்டுப் பிரசுரங்கள் இருந்தன, தெர்மாமீட்டர் இல்லை. இன்று இருக்கிறது.

அந்தத் தாய் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்மதம் பெற்றுத்தான் இதைப் பேசினோம். அம்மா, நீங்கள் கொடுத்த சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லை. குறை, காய்ச்சலை அலட்சியம் செய்த எங்களிடம் இருந்தது. உங்கள் கேள்வியை இன்னொரு தாய் கேட்காமல் பார்த்துக்கொள்வது இனி இந்தச் சங்கத்தின் பொறுப்பு.